சாண் உயரக் கனகாம்பரம்

அத்தியாயம் 6

ஐம்பத்தேழு வயது ஆள் சித்திரை வெயிலில், இன்னொருத்தர் ஓட்டும் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஒரு பூவைத் தேடிப் போகக் கூடாது. நான் போனேன். என் பெயர் சோமு. காரைக்காலில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டியிருக்கும் ஒரே ஆள். அதற்கு முன்னால் தீப்பிடித்த கடைகளை இன்ஷூரன்ஸுக்காக ஆராய்ந்துகொண்டிருந்தேன். பத்து வருடத்தில் என்னிடம் வந்த கேஸ்களில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிக்கும் வேலைதான். பெரும்பாலும் குடிப்பார்.

ஸ்கூட்டரை ஓட்டியது என் உதவியாளர் ஜூலியட். முப்பத்து மூன்று வயது. வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள், வாய்த்துடுக்கால் அந்த வேலையை இழந்து, அதே வாயால் என்னிடம் வேலை வாங்கினாள்.

"சார், தூங்கிட்டீங்களா? கொஞ்சம் சத்தம் குடுங்க. பின்னாடி ஆள் இருக்காரா விழுந்துட்டாரான்னே தெரியல."

"இருக்கேன்."

"அது போதும். தொலைச்சிட்டு வந்தா வீட்ல அக்காவுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

கோட்டுச்சேரியைத் தாண்டியதும் இருபுறமும் அறுத்த வயல். நிழலுக்கு ஒரு மரம் வருவதும் போவதுமாக இருந்தது. எனக்கு முழங்கால் வலித்தது. கேஸை நினைத்தால் அதைவிட அதிகமாக வலித்தது.

கேஸ் இதுதான். இருதயமேரி டீச்சர் பெண்கள் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஜூலியட்டுக்குக்கூட பாடம் நடத்தியவர். பதினோரு வருடமாக அவர் தலத்தெருவில் தன் வீட்டுக் கொல்லையில் ஒரு புதுக் கனகாம்பரத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். நமக்குத் தெரிந்த கனகாம்பரம் ஆரஞ்சு நிறம், இடுப்பு உயரம், குச்சி குச்சியாக நிற்கும். டீச்சருடையது இளஞ்சிவப்பு, நடுவில் மஞ்சள் பொட்டு, உயரம் ஒரு சாண். தொட்டியிலும் தோட்டத்து ஓரத்திலும் அடக்கமாக உட்கார்ந்து வருடம் முழுக்கப் பூக்கும். பெயரே 'சாண்' என்று வைத்துவிட்டார். வருடா வருடம் ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவுக்குத் தொட்டு வைத்து, விதை எடுத்து, ஆயிரம் நாற்று விட்டு, அதில் நல்லதைப் பொறுக்கிக்கொண்டு மீதியைப் பிடுங்கிப் போட்டு, மறுபடி முதலிலிருந்து. கடைசியில் பொறுக்கிய ஒரே ஒரு செடியிலிருந்து கொப்பு ஒடித்து வைத்து இருபத்து நாலு தொட்டி உண்டாக்கியிருந்தார்.

வரும் வியாழக்கிழமை, புது ரகமாகப் பதிவு செய்ய ஒரு குழு வருகிறது. இருபது செடிகளை எடுத்துப்போய் வேறு இரண்டு ஊர்களில் ஒரு வருடம் வளர்த்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்கள். போன ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சரும் கணவர் அருளானந்தமும் பூசைக்குப் போய்த் திரும்பியபோது நிழல்வலைக் கொட்டகை காலி. இருபத்து நாலு தொட்டியும் மண்ணோடு போய்விட்டன. கீழே சிந்திய மண்ணைக்கூடத் திருடன் பெருக்கி அள்ளியிருந்தான்.

"இதை முடிக்காம நான் செத்துடக் கூடாதுன்னு தினம் ஜெபம் பண்ணினேன் சார்" என்று அன்று மாலை டீச்சர் சொன்னார். "முடிச்சிட்டேன். முடிச்ச மறுவாரம் இப்படி." அழவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எனக்குப் பாடம் எடுத்தார். விதை போட்டு வரும் செடி பிள்ளைகளைப் போல, ஆளுக்கொரு குணம். கொப்பு ஒடித்து நட்டது அதே செடிதான், எங்கே வைத்தாலும் குணம் மாறாது. ஆகவே யாராவது ஒரு கொப்பை வைத்திருந்தால் போதும், அதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி உண்டாக்கிவிடலாம்.

அருளானந்தம் பக்கத்தில் நின்றுகொண்டு, "போனது போவட்டும் மேரி, துப்பறியுறவங்க எல்லாம் எதுக்கு" என்று இரண்டு தடவை சொன்னார். அறுபத்தெட்டு வயது, பொதுப்பணித் துறையில் கிளார்க்காக இருந்தவர். பாவமாக இருந்தது.

இன்று செவ்வாய். கையில் இருந்த ஒரே துப்பு, டவுன் பஸ் கண்டக்டர் ஜூலியட்டிடம் சொன்னது. ரோஸ் நிறக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு ஒரு அம்மா அடிக்கடி குரும்பகரத்தில் ஏறுகிறாள்.

"அந்தக் கண்டக்டர் பொம்பளைங்க தலையையே பார்த்துக்கிட்டு இருந்தா டிக்கெட் எப்ப கிழிப்பாரு?" என்றாள் ஜூலியட், வண்டியைத் திருப்பிக்கொண்டே.

அந்த அம்மாவைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம்தான் ஆயிற்று. பெயர் தையல்நாயகி, நாற்பத்தைந்து வயது இருக்கும். பொங்கல் வரைக்கும் டீச்சர் வீட்டில் களை எடுத்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள். மகளின் பிரசவத்துக்காக நின்றுவிட்டாளாம். டீச்சர் பெயரைச் சொன்னதும் முகம் வெளுத்தது.

"தொட்டியெல்லாம் களவு போயிட்டுன்னு கேள்விப்பட்டேங்க. அந்த மாரியாத்தா மேல சத்தியமா நான் எடுக்கலைங்க ஐயா."

"தலையில பூ இருக்கே?"

கை தானாகக் கொண்டைக்குப் போயிற்று. கீழே பார்த்தபடி நின்றாள். பிறகு சொன்னாள்: "ஒரே ஒரு கொப்பு ஒடிச்சேங்க. போன ஆடியில."

"கேட்டிருந்தா டீச்சர் குடுத்திருப்பாங்களே அக்கா" என்றாள் ஜூலியட்.

"கேட்டு வாங்கி நட்டா பிடிக்காதும்மா. கேக்காம ஒடிச்சாந்து வச்சாத்தானே துளுக்கும்? எங்க தெருவுல எல்லாம் அப்படித்தான். என் வூட்டு நந்தியாவட்டை கொப்பைக்கூட எதிர்வூட்டுக்காரி ராவோட ராவா ஒடிச்சிக்கிட்டுதான் போனா. நானும் பாத்துட்டுப் பாக்காத மாதிரி இருந்தேன்."

"பகல்ல கேட்டா செடி கோச்சுக்குமாம் சார்" என்றாள் ஜூலியட் என்னிடம். "நல்ல வேளை, ஆடு மாட்டுக்கு இந்தக் கணக்கு கெடையாது."

"செடியைக் காட்டுங்க" என்றேன்.

அடிபம்புக்குப் பக்கத்தில், துணி துவைக்கும் கல்லை ஒட்டி நின்றது. என் இடுப்புக்கு மேல். அகலமாகக் கிளை விட்டு, இலை பளபளத்து, முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தது. ஒவ்வொரு பூவுக்கும் நடுவில் மஞ்சள் பொட்டு. களைப்பையும் முழங்காலையும் மறந்து ஒரு நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு அழகு.

ஜூலியட் தன் கையை விரித்துக் கீழிருந்து மேலாக அளந்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... அஞ்சு சாண் இருக்கு சார். டீச்சர் கணக்குல வீக்கா?"

"நிச்சயமா கொப்புதானே? விதை இல்லையே?"

"கொப்புதாங்க. நான்தானே ஒடிச்சேன். ஓரமா இருந்த தொட்டியில, விரல் நீளத்துக்கு."

"என்ன போட்டு வளர்த்தீங்க?"

"என்னத்தப் போடுறது? கழனித்தண்ணியும் துணி அலசுன தண்ணியும் அதுபாட்டுக்குப் போவும். டீச்சரம்மா வூட்டுல சார் பாத்துப் பாத்து ஊத்துவாரு. அந்தச் செடிங்களுக்கு மட்டும் அவரேதான் ஊத்தணும். 'நான் ஊத்துறேங்கய்யா, குடுங்க'ன்னு எத்தினியோ நாள் கேட்டிருக்கேன். தண்ணி வாளியை என் கையில குடுத்ததே இல்ல." இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டாள்: "போலீசுல சொல்லிடுவீங்களா ஐயா?"

"ஒரு கொப்புக்குப் போலீஸ் வர மாட்டாங்கம்மா. போயி பேரப்பிள்ளையைப் பாருங்க."

திரும்பும் வழியில் கோட்டுச்சேரியில் டீ குடித்தோம். டீ வெந்நீராக இருந்தது. அதைப் பற்றிப் பேசக்கூட எனக்குத் தெம்பில்லை.

"ஜூலியட், ஒரு செடித் திருடன் என்ன எடுப்பான்?"

"விரல் நீளத்துக்குக் கொப்பு. இப்பதானே பார்த்தோம். இருபத்து நாலும் வேணும்னாக்கூட ஒரு மஞ்சப்பையில ஒடிச்சிப் போட்டுக்கிட்டுப் போயிடலாம்."

"இவன் தொட்டியையும் தூக்கியிருக்கான். மண்ணையும் அள்ளியிருக்கான். சிந்தினதைப் பெருக்கிக்கூட எடுத்துட்டுப் போயிருக்கான்."

"ரொம்ப சுத்தக்காரத் திருடன். நம்ம ஆபீசுக்கு ஒரு நாள் வரச் சொல்லணும்."

"செடியை வச்சிக்கிறதுக்கு இல்ல ஜூலியட், அந்த மண்ணை யாரும் பார்க்கக் கூடாதுன்னு எடுத்திருக்கான். அதே செடி டீச்சர் வீட்டு மண்ணுல ஒரு சாண். துணி துவைக்கிற கல்லுகிட்ட அஞ்சு சாண்."

அவள் கிளாசைக் கீழே வைத்தாள். வேடிக்கைப் பேச்சு நின்றது. "தண்ணி ஊத்துறது அருளானந்தம் சார்" என்றாள் மெதுவாக.

"அவர் டீச்சர் கூட பூசையில இருந்தாரே?"

"சார், நீங்க மாதா கோயிலுக்குள்ள வந்திருக்கீங்களா?"

"ஒரு கல்யாணத்துக்கு வந்தேன். பிரியாணிக்கு முன்னாடி எட்டிப் பார்த்தேன்."

"எங்க பங்குக் கோயில்ல இன்னமும் ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம். ஆம்பளைங்கள்ல பாதிப் பேரு வெளியில மரத்தடில நின்னே மோட்சத்துக்குப் போயிடலாம்னு நெனக்கிறவங்க. டீச்சர் முன்னாடி பாட்டுக் குழுவுல நிப்பாங்க. பூசை ஒரு மணி நேரம், அப்புறம் மாதா சபைக் கூட்டம் ஒரு மணி நேரம். சேர்ந்து போனாங்க, சேர்ந்து வந்தாங்க. நடுவுல அவரு எங்க இருந்தாருன்னு டீச்சருக்கு எப்படித் தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமையே அவளிடம் இதைக் கேட்டிருந்தால் குரும்பகரம் வெயில் மிச்சம். கேட்கத் தோன்றவில்லை. வயதாகிறது.

அடுத்து போனது அஸ்ஃபாக் பாயின் உரக்கடை. தலத்தெருப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அங்கேதான் வாங்குவார்கள்.

"அருளானந்தம் சாரா? ஆறு வருஷமா நம்ம கஸ்டமருங்க" என்றார் பாய். "வேற எதுவும் வாங்க மாட்டாரு. மாமரத்து வேர்ல ஊத்துற மருந்து மட்டும்தான். மரம் உசரமா ஓடாது, அடங்கி நின்னு காய்க்கும். வருஷத்துக்கு ரெண்டு டப்பா."

"அவங்க வீட்டுல ஒரு முருங்கை மரந்தானே பாய் நிக்குது?" என்றாள் ஜூலியட்.

"ரெண்டு மாமரம் இருக்கு, நல்லாக் காய்க்குதுன்னாரே! எனக்கு ஒரு மாங்கா கொண்டாங்க சார்னு வருஷா வருஷம் கேக்குறேன். 'அடுத்த வருஷம் பாய்'னு சொல்லுவாரு."

"இந்த வருஷமும் கெடைக்காது பாய்" என்றாள்.

இனி தொட்டிகள் எங்கே என்பதுதான் பாக்கி. இரண்டு மணி நேரத்துக்குள், அறுபத்தெட்டு வயது ஆள், இருபத்து நாலு தொட்டிகளை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும்? டீச்சர் வீட்டுக் கொல்லையும் பின் தெருவில் ஒரு பூட்டிய வீட்டின் கொல்லையும் ஒட்டினாற்போல் இருக்கும். நடுவில் ஒரு தகரக் கதவு. ஞாயிற்றுக்கிழமை நான் அந்தக் கதவைத் தட்டியபோது, "அது என் தம்பி யேசுராஜ் வீடுங்க, குடும்பத்தோட பிரான்சுல இருக்கான், பூட்டிக் கெடக்கு" என்று அருளானந்தமே சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். காரைக்காலில் தெருவுக்கு நாலு வீடு அப்படிப் பூட்டிக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் இங்கே இருக்கும் சொந்தக்காரர் ஒருவரிடம் சாவி இருக்கும். இந்த ஊரில் பிறந்தவன், அதைக் கேட்காமல் வந்தேன்.

பின் தெருவில் வண்டியை நிறுத்தினோம். வாசல் கேட்டில் பூட்டு இல்லை. பக்கச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனோம். கிணற்றடியில் வேப்பமர நிழலில் இருபத்து நாலு தொட்டிகளும் வரிசையாக இருந்தன. எல்லாம் ஒரு சாண் உயரம், எல்லாம் பூவோடு. நடுவில் ஒரு முக்காலி போட்டு அருளானந்தம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பூவாளி. எங்களைப் பார்த்து எழுந்திருக்க முயன்றார். முடியவில்லை. மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"மேரிக்குத் தெரியுமா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"இன்னும் தெரியாது."

"அஞ்சாவது வருஷம் சார்" என்று அவராகவே ஆரம்பித்தார். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று ஆறு வருடமாகக் காத்திருந்தவர் போலப் பேசினார். "அந்த வருஷம் செடி குட்டையா வந்துது. முடிச்சிட்டேன்னு எல்லாருக்கும் மிட்டாய் குடுத்தா. மறுவருஷம் எல்லாம் நெடுநெடுன்னு போயிட்டு. எட்டு நாள் சுவத்தைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தா. சாப்பிடலை. எங்களுக்குப் புள்ளைங்க கெடையாது. எனக்குப் பயமாப் போச்சு. உரக்கடையில இந்த மருந்தைப் பத்திப் பேசிக்கிட்டாங்க. ஒரு மூடி தண்ணியில கலந்து புது நாத்துக்கு ஊத்தினேன். கொஞ்ச நாள்ல அத்தனையும் அடங்கிடுச்சு. காலையில வந்து பார்த்துட்டு சிரிச்சா பாருங்க... கல்யாணத்தன்னைக்குக்கூட அவ அப்படிச் சிரிக்கலை."

"அப்புறம் நிறுத்தியிருக்கலாமே சார்?" என்றாள் ஜூலியட்.

"எப்படிம்மா நிறுத்துறது? நிறுத்தினா மறுபடி சுவத்தைப் பார்த்துப் படுப்பா. ஒவ்வொரு வருஷமும் இந்த வருஷத்தோட விட்டுடலாம்னுதான் ஊத்தினேன். அவ அதைப் பதிவு பண்ணுற அளவுக்குப் போவான்னு நெனக்கலை. வேற ஊர்ல கொண்டுபோயி நட்டா ரெண்டு மாசத்துல தெரிஞ்சிடும். ஊரு முன்னாடி அவ பொய்க்காரியா நிக்கணும். அதான் எடுத்துட்டு வந்தேன். எரிச்சிடணும்னுதான் கொண்டாந்தேன். மனசு வரலை. ரெண்டு நாளா தண்ணி ஊத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்."

வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திருடன் கெடைக்கலைன்னு சொல்லிடுங்க சார். யாரோ தூக்கிட்டுப் போயிட்டான்னு இருக்கட்டும். களவு போன துக்கத்தை அவ தாங்கிப்பா. இதைத் தாங்க மாட்டா."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரு பொய் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். மாப்பிள்ளை விஷயத்தில் பெற்றவர்கள் அழும்போது, "எப்பவாவதுதான் குடிப்பாரு" என்று நான் சொன்னதும் உண்டு. ஆனால் டீச்சர் ஒரு கொப்பு கிடைத்தால் போதும், மறுபடி ஆரம்பிக்கிறேன் என்று சொல்லியிருந்தார். கொப்பு குரும்பகரத்தில் இருந்தது. நான் மறைத்தால் மீதி வாழ்நாளையும் இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டு கழிப்பார். மறுபடி தண்ணீர் ஊற்றப்போவதும் இந்த மனிதர்தான்.

"வாங்க சார்" என்றேன். "நான் சொல்றதைவிட, நீங்க பக்கத்துல நின்னா நல்லது."

தகரக் கதவைத் திறந்துகொண்டு மூவரும் போனோம். டீச்சர் காலிக் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணவர் எந்தக் கதவு வழியாக வந்தார் என்பதைக் கவனித்தார்.

"டீச்சர், தையல்நாயகி போன ஆடியில உங்க தொட்டியிலேருந்து கேக்காம ஒரு கொப்பு ஒடிச்சிட்டுப் போயிருக்காங்க" என்றேன். "உயிரோட இருக்கு. நல்லாப் பூத்திருக்கு."

முகம் மலர்ந்தது. அதைப் பார்ப்பதற்கு நான் அங்கே இல்லாமல் இருந்திருக்கலாம். "ஆண்டவரே! அந்தப் புள்ளைக்கு நான் புடவை எடுத்துத் தரணும். எத்தனை கிளை விட்டிருக்கு? எங்க நட்டிருக்கா? நெழலா?"

"இடுப்புக்கு மேல வளர்ந்திருக்கு டீச்சர்."

"விதை விழுந்து முளைச்சிருக்கும்."

"கொப்புதான். அவங்க கையால ஒடிச்சி நட்டது."

தாவரவியல் பாடம் நடத்தியவர் அவர். அதற்குமேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நோட்டை மூடினார். கணவரைப் பார்த்தார். அருளானந்தம் கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன ஊத்துனீங்க?"

அவர் மருந்தின் பெயரைச் சொன்னார்.

"எப்பலேருந்து?"

"ஆறாவது வருஷத்துலேருந்து மேரி. நீ படுத்துட்டியே, அப்போ..."

"இந்தத் தொட்டிக்கு மட்டுமா? நாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

டீச்சர் நோட்டுகளைத் தரையில் அடுக்கி வைத்தார். கத்துவார், அழுவார் என்று பார்த்தேன். குரல் உயரவே இல்லை. வகுப்பில் பேசுவது போலத்தான் பேசினார்.

"ஏழாவது வருஷம் ஆயிரம் நாத்து விட்டேன். ஆயிரமும் குட்டையா வந்துது. குணம் நெலைச்சிடுச்சுன்னு நம்பினேன். இனிமே உசரத்தைப் பார்க்க வேண்டாம், பூவை மட்டும் பார்த்துப் பொறுக்கலாம்னு முடிவு பண்ணினேன். பூ சுமாரா இருந்ததையெல்லாம் பிடுங்கி எரிச்சேன். அதுக்கப்புறம் வருஷா வருஷம் அப்படித்தான். அஞ்சு வருஷம், அஞ்சாயிரம் செடி." நிறுத்தி மூச்சு வாங்கினார். "ஏங்க, அதுல நெசமாவே குட்டையா ஒண்ணு இருந்திருக்கும். மருந்தே இல்லாம, தானாவே குட்டையா. எல்லாம் ஒரே உசரமா நின்னா அதை எப்படி நான் கண்டுபிடிப்பேன்? என் கையாலேயே பிடுங்கி எரிச்சிருப்பேன்."

அருளானந்தத்தின் வாய் திறந்தது. அவருக்கு இது தோன்றியதே இல்லை. எனக்கும்தான். மனைவியிடமிருந்து ஒரு தோல்வியை மறைத்ததாக மட்டும்தான் அந்த மனிதர் ஆறு வருடமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு வருஷம் அழுதிருப்பேன்" என்றார் டீச்சர். "அப்புறம் எழுந்திருச்சிருப்பேன். எனக்கு அப்ப அம்பத்தாறு வயசு."

எழுந்து உள்ளே போனார். போனில் பேசுவது கேட்டது. வியாழக்கிழமை வர வேண்டாம், செடி தயாராக இல்லை, தவறு என்னுடையது. அவ்வளவுதான் சொன்னார். யார் பெயரையும் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது செருப்பு போட்டு, தோளில் கைப்பை மாட்டியிருந்தார்.

"ஜூலியட், குரும்பகரத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போறியா?"

"இப்பவா டீச்சர்? வெயிலா இருக்கே."

"இருக்கட்டும். அது நான் உண்டாக்கின செடி. அதை ஒரு தடவைகூட நான் பார்த்ததில்ல."

"நானும் வரட்டா மேரி?" என்றார் அருளானந்தம்.

"வேண்டாம்."

ஜூலியட் என்னைப் பார்த்தாள். அவளிடமிருந்து ஏதாவது ஒரு கிண்டல் வரும் என்று காத்திருந்தேன், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் டீச்சரின் முழங்கையைப் பிடித்து அழைத்துப் போனாள். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

நானும் அவரும் காலிக் கொட்டகையில் நின்றோம். எனக்கு வீட்டுக்குப் போக வண்டி இல்லை. பஸ்ஸுக்கு நடக்கலாம் என்று திரும்பினேன்.

"சார்" என்று கூப்பிட்டார். "அந்தச் செடி... வளர விட்டா அது எப்படி இருக்கு? பார்க்குறதுக்கு?"

பொய் சொல்ல வேண்டிய அவசியம் ஒரு கேள்விக்காவது இல்லாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

"ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றேன். "அதை மாதிரி ஒரு கனகாம்பரம் நான் பார்த்ததே இல்ல."

அவர் டீச்சரின் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, சத்தம் போட்டு அழ ஆரம்பித்தார்.